சங்கிலி வாளும் வேலிக்கருவையும்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்களுக்கு அந்நிலத்தை நான் வருணிக்க வேண்டியதில்லை. கரிசல் மண், மழை பெய்தால் பருத்தியும் சோளமும் உளுந்தும் தலைகாட்டும், பெய்யாவிட்டால் வெடிப்பு ஓடிக் கிடக்கும். உழுவாரற்ற புஞ்சையிலும், கண்மாயின் உள்ளேயும், குண்டாற்றின் கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்பது வேலிக்கருவை. நூல்களில் இதனைச் சீமைக்கருவேலம் என்று எழுதுகிறோம். நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இம்மரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்டது. வேலிக்கும் விறகுக்கும் என்று வந்தது, வயலுக்கே உரிமை கொண்டாடுகிறது.

2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு ஆணையிட்டதும், அவ்வாணை பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டதும் நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கக் கூடியவை. அந்த வழக்கில் இன்று நான் புகவில்லை. இம்மரத்தைத் திட்டிக்கொண்டே இதன் கரியை விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல. கரிமூட்டம் புகையாத கோடைக்காலம் எனக்கு நினைவில்லை. நான் கூற வந்தது, இம்மரத்தை வெட்டும் கருவியைப் பற்றி.

என் இளமையில் அரிவாளும் கோடரியுமே கருவிகள். அதன்பின் பெட்ரோலில் ஓடும் மிஷின் வந்தது; அதன் இரைச்சல் அடுத்த ஊர்வரை கேட்கும். இப்பொழுது பேட்டரியால் ஓடும் சங்கிலி வாள் வந்திருக்கிறது. ஒரு முழ நீள அலகுடைய பெரிய வாளும் உண்டு. ஒரு சாண் அலகுடைய, ஒற்றைக் கையில் பிடிக்கும் சிறிய வாளும் உண்டு. பின்னது கைபேசியில் பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கற்றுக்கொடுக்க உடன் எவரும் வருவதில்லை.

இக்கருவியின் முன்னோரைப் பற்றி ஒரு சொல். சங்கிலியில் பல் கோத்துச் சுழலவிட்டு அறுக்கும் கருவி ஒன்றை 1830ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் அமைத்தார். அது மரம் அறுப்பதற்கு அன்று. மருத்துவர்கள் எலும்பு அறுப்பதற்கு! ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1920களில், அந்த நாட்டிலேயே மரம் அறுக்கும் சங்கிலி வாள்கள் விற்பனைக்கு வந்தன. பிறகு அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் தாடையை இடமும் வலமுமாக அசைத்துத் தின்பதைக் கூர்ந்து நோக்கினார். அதைப்போலவே பல்லை இடமொன்றும் வலமொன்றுமாக வளைத்து 1947இல் புதிய சங்கிலியைச் செய்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவையே. பேட்டரியோ, 1991இல் கடைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்தின் வழித்தோன்றல். அதை உருவாக்கிய மூவர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இவ்வளவு பேருடைய அறிவும் திரண்டு ஒரு சிறு பெட்டியில் அடங்கி நம் திண்ணைக்கு வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றேன். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். மானாவாரி நிலம் மூன்று ஏக்கர். மழையில்லாத மாதங்களில் அருப்புக்கோட்டையில் தறி வேலை. இடக்கை கட்டுப் போட்டிருந்தது. சிறிய சங்கிலி வாளால் கருவையைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். சங்கிலிக்கும் அலகுக்கும் நடுவே முள்விளார் ஒன்று சிக்கி வாள் நின்றுவிட்டது. வாளை முழங்காலில் சாய்த்து, இடக்கை விரலால் விளாரை இழுத்தார். வலக்கை பிடியிலேயே இருந்தது. பிடித்த கை இறுகியது, விசை அழுந்தியது.

"சத்தமே இல்லையே சார், மிஷின் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்" என்றார்.

ஒரு விரல் பிழைத்தது. மற்றொன்று மடங்குவதில்லை. தறியில் அறுந்த இழையை எடுத்து முடியும் வேலைக்கு இரு கை விரல்களும் வேண்டும் என்பதை, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மாணவர்களே, அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இக்கருவியின் இயல்பு முழுவதும் இருக்கிறது. பெட்ரோல் மிஷின் சும்மா இருக்கும்பொழுதும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமலே எச்சரிக்கை. பேட்டரி வாளுக்கு அப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது. மாலையில் நின்ற சைக்கிளைப்போல் அமைதியாகக் கிடக்கும். விசையில் விரல் பட்ட கணத்தில் முழு வேகத்தில் ஓடும். பெரிய வாள்களில் சங்கிலியின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் முதல் 20 மீட்டர்வரை. 15 மீட்டர் என்று கொண்டாலும், கணக்கிட்டுப் பாருங்கள், மணிக்கு 54 கிலோமீட்டர், பேருந்தின் வேகம். ஆதலால் சங்கிலியைத் தொடுவதற்கு முன்னும், இறுக்குவதற்கு முன்னும், சிக்கியதை எடுப்பதற்கு முன்னும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கொடுப்பதற்கு முன்னும் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். விசையை விட்டுவிட்டேன் என்பது போதாது. பேட்டரி வாளில் இல்லை என்று கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

இத்தகைய விபத்துக்கென்றே விசையருகில் ஒரு தடைப்பொத்தானை அமைத்திருக்கிறார்கள். அதனையும் அழுத்தினாலன்றி விசை இயங்காது. என் மாணவரின் வாளிலும் அது இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் அழுத்துவது தொல்லையாக இருந்ததால், பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து ஒரு பட்டை அறுத்து அப்பொத்தானை அழுத்தினபடியே கட்டி வைத்திருந்தார். யாரோ சொல்லிக்கொடுத்த தந்திரமாம். இத்தகைய தந்திரங்கள் மட்டும் நம் ஊரில் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன!

அடுத்து, பெரிய வாளுக்குரிய பேராபத்து ஒன்றைக் கூறுகிறேன். இதற்குக் கரும்பலகை வேண்டும். வானொலியில் அது இல்லை. கண்ணை மூடி ஒரு கடிகாரத்தின் முகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வாளின் அலகு வலப்பக்கம் நோக்கி நீண்டிருக்கிறது; அதன் வட்டமான மூக்கே அந்தக் கடிகாரம். சங்கிலி அலகின் மேல்விளிம்பில் நம்மைவிட்டு வெளிநோக்கி ஓடி, மூக்கைச் சுற்றி, கீழ்விளிம்பில் நம்மை நோக்கித் திரும்புகிறது. 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட கால்வட்டம் இருக்கிறதே, அந்த இடம் மரத்தில் படவே கூடாது. பட்டால், பல் கொள்ளும் அளவுக்குமேல் மரத்தைக் கவ்வி அங்கேயே மாட்டிக்கொள்ளும். சங்கிலிக்குப் போக இடமில்லை. அந்த விசை முழுவதும் அலகைத் தூக்கி, அறுப்பவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் நேராகத் திருப்பி எறிந்துவிடும். கண் கண்டு கை அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகையால் இதற்கு எதிரான காப்பு முன்னதாகவே அமைந்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும், கட்டைவிரல்கள் பிடியைச் சுற்றி வளைந்திருக்கப் பிடித்தல் வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவரும் முன்பிடியை இடக்கையாலேயே பற்ற வேண்டும். முன்பிடிக்கு முன்னால் நிற்கும் கைக்காப்பே பிரேக்கை இயக்குவது. அது வேலை செய்கிறதா என்று நாள்தோறும் தொடங்குமுன் சோதிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கலாகாது. ஏணிமேலோ கிளைமேலோ நின்று அறுப்பது முறையாகப் பயின்றவர் வேலை. முகத்தையும் கழுத்தையும் அலகுக்கு நேர்கோட்டில் வைக்காமல் சற்று இடப்புறம் ஒதுங்கி நிற்க வேண்டும். சிறிய வாள்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. ஒற்றைக் கையில் வாளும் மறு கையில் அறுக்க வேண்டிய கிளையுமாக நிற்பதைத் தெருத்தெருவாகக் காண்கிறேன். வெறுங்கையை அலகின் பாதைக்குள் கொண்டுவராமல், கிளையைக் கவைக்கம்பால் ஒருவர் விலகி நின்று தாங்கிப் பிடிக்கலாமே.

வேலிக்கருவைக்கென்றே உரிய இடர் ஒன்றுண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் படம் போட்டிருக்கும் மரம் தூண்போல் நேராக நிற்கும். நம் கருவை அப்படியா? ஒருமுறை வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகள் வெடித்து, ஒன்றன்மேல் ஒன்று வளைந்து, பின்னி, சில தரையிலே முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் நாணேற்றிய வில். உங்கள் பெட்டியில் ரப்பர் இருந்தால் எடுத்து வளைத்துப் பாருங்கள். உட்பக்கம் சுருங்கி நெருங்குகிறது. வெளிப்பக்கம் இழுபட்டு நீள்கிறது. வளைந்த கிளையும் அவ்வாறே. இழுபட்ட பக்கத்தை எடுத்த எடுப்பில் ஆழமாக அறுத்தால், கிளை பிளந்து சாட்டைபோல் வீசும், முள்ளோடு வீசும். நெருங்கிய பக்கத்தை ஆழமாக அறுத்தாலோ, வெட்டுவாய் மூடிக்கொண்டு அலகைக் கவ்விவிடும். முதலில் நெருங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெல்ல அறுத்து அதனைச் சந்திக்க வேண்டும். அறுப்பவர் கிளை விரியும் திசையில் நிற்கலாகாது. அலகின் கீழ்விளிம்பால் அறுக்கும்பொழுது வாள் நம்மை மரத்தை நோக்கி இழுக்கும். மேல்விளிம்பால் அறுக்கும்பொழுது நம்மைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டையும் எதிர்பார்த்துக் காலை ஊன்ற வேண்டும்.

எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று எப்படி அறிவது? முதலில் அரிவாளால் சுற்றியுள்ள சிறு விளார்களைக் கழித்து, கிளை எங்கே தொடங்கி எங்கே முட்டுகிறது என்று அடிமுதல் நுனிவரை பார்த்தால் தெரியும். இப்படிப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கோடரிக்காரர்கள் இரண்டு வெட்டுக்கிடையே மூச்சு வாங்க நிற்பார்கள், அப்பொழுதே பார்த்துவிடுவார்கள். மிஷின் அந்த மூச்சு வாங்கும் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னும் எங்கள் பக்கத்துக்கே உரியவை சில. கைவிடப்பட்ட பழைய கிணறுகளின் வாயைக் கருவை மூடியிருக்கும். ஆதலால் நுழையுமுன் அவ்விடத்தை அறிந்த முதியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடப்பாரையால் தட்டிக்கொண்டே முன்செல்ல வேண்டும். அடியில் பாம்பு இருக்கலாம். பழைய முள்கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து வளர்ந்திருக்கலாம். சங்கிலி அதில் பட்டால் பல் தெறிக்கும். மின்கம்பியருகே நிற்கும் மரத்தை மின்வாரியத்துக்குச் சொல்லாமல் தொடலாகாது. வெட்டிய முள்ளை அள்ளும் பெண்கள் அறுப்பவருக்குப் பக்கத்திலேயே குனிந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. மரம் சாயும் வேளையில் அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்குள் அறுப்பவரைத் தவிர வேறொருவரும் இருக்கலாகாது. வேட்டி, கைலி, தோள்துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் ஆகாது. சங்கிலி அவற்றைப் பற்றினால் உடலையும் இழுக்கும். கெட்டியான காலணியும் முழுக்காற்சட்டையும் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கருவை முள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

கருவியைப் பேணுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் ஊற்றும்பொழுதெல்லாம் சங்கிலி எண்ணெயையும் ஊற்றும் பழக்கம் முன்பு இருந்தது. பேட்டரி மாற்றுவோருக்கு எண்ணெய் நினைவுக்கு வருவதில்லை. சங்கிலி காய்ந்து சூடேறுகிறது. சூடேறிய சங்கிலி நீண்டு தொய்யும். அந்தச் சூட்டிலேயே இறுக்கினால் ஆறியபின் அலகை நெரிக்கும். ஆற விட்டு இறுக்குக. மரத்தூள் செதிலாக விழாமல் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். கருவை வைரம் பாய்ந்த மரம். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்க முயல்கையில்தான் கை வழுக்கும். பேட்டரியை வெயிலிலும் கரிமூட்டத்தருகிலும் போட்டு வைக்காதீர்கள். வீங்கிய பேட்டரியில் மின்னேற்றவே கூடாது.

காயம் பட்டுவிட்டால், தூய துணியை மடித்து அதன்மேல் வைத்து அழுத்துங்கள். அழுத்தியதை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபிப்பொடி, மஞ்சள், கரித்தூள் எதுவும் வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் அதனை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். விரலில் பனிக்கட்டி நேராகப் படலாகாது. 108க்கு அழையுங்கள். இதனாலேதான் தனியே ஒருவர் காட்டுக்குள் சென்று அறுக்கலாகாது என்கிறேன். அழைக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

18 வயது நிரம்பாத நீங்கள் இக்கருவியைத் தொட வேண்டியதில்லை. விடுமுறையில் தந்தையுடன் சென்றாலும் தொலைவில் நில்லுங்கள். ஆனால் வேறொரு வேலை உங்களுக்கு உண்டு. இவ்வாள்களோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெட்டியோடு பரணில் கிடக்கிறது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தாம்.

நான் சென்ற அன்று என் மாணவரின் மகள், ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள், அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து வந்தாள். திண்ணையில் அமர்ந்து அவள் படிக்க, பொருள் விளங்காத இடங்களை நான் சொல்ல, தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. தடைப்பொத்தானைப் பற்றிய பக்கம் வந்ததும் அவள் படிப்பதை நிறுத்தினாள். மூலையில் கிடந்த வாளை எடுத்துவரட்டுமா என்று கேட்டாள். "முதலில் பேட்டரியைக் கழற்று" என்று அவர் பதறிப்போய்ச் சொன்னார். பேட்டரியை அவரே வலக்கையால் கழற்றினார். அந்த டியூப் பட்டை அப்பொழுதும் பொத்தான்மேல் கட்டியபடியே இருந்தது. முடிச்சு இறுகியிருந்தது. ஒரு கையால் அவிழ்க்க அவரால் முடியவில்லை; மகள்தான் அவிழ்த்தாள்.