பூங்காக் கதவு எல்லோருக்கும் திறக்கட்டும்



முன்வரிசையில் ஓர் ஆசிரியர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். நம் சீர்காழிப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு எழுத்தறிவித்த கை அது. இன்று அந்தக் கை மனு எழுதிக்கொண்டிருக்கிறது. பணமா கேட்டார்? பதவியா கேட்டார்? "பூங்காவுக்குள்ளே போகணும், ஐயா" என்று கேட்டார்!

பல ஊர்ப் பூங்காக்களுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் மாடு வராமலிருக்கச் சுழல் கேட்டு. மாடு எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. என் ஆசிரியர் வெளியே நிற்கிறார்! (கைதட்டல்)

இது ஞானசம்பந்தர் அவதரித்த மண். மூன்று வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் உட்கார வைத்துவிட்டுத் தகப்பனார் நீராடப் போனார். பிள்ளை அழுதது. தோணிபுரத்து அம்மை ஓடோடி வந்து பாலூட்டினாள். தாய்மார்களே, அழுகிற பிள்ளையிடம் தெய்வமே இறங்கி வந்த ஊரில், துருப்பிடித்த ஊஞ்சல் சங்கிலியை மாற்ற ஓர் அதிகாரி இறங்கி வரக் கூடாதா? சறுக்குமரத்துக்குக் கீழே சிமெண்டுத் தரை எதற்கு? மணலைக் கொட்டுங்கள், பிள்ளை தலை பிழைக்கும்!

"சாயங்காலம் பூங்காவுக்கு யார் வருகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் பேரையும் நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பேர்தான் பூங்காக் கல்வெட்டில் இருக்கிறதே! விளக்கு எரியாத இடத்துக்கு எந்தப் பெண் நடக்க வருவாள்? விளக்கைப் போடுங்கள், அப்புறம் தலையை எண்ணுங்கள்! (கைதட்டல்)

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா, பெரிய கோயிலை ஒட்டிய நூறாண்டு கடந்த பூங்கா. ஸ்மார்ட் சிட்டி வேலை என்று மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். நமக்கு அந்தக் கதி வேண்டாம். ஒரு பக்கம் வேலை நடக்கட்டும், மறுபக்கம் திறந்திருக்கட்டும்.

மெரினாவைப் பாருங்கள். 2022 நவம்பரில் சக்கர நாற்காலி கடல் வரை போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. விட்டுவிட்டார்களா? மறுபடி சரிசெய்தார்கள். மணலில் முடிகிறது, நம் மண்ணில் முடியாதா?

அதே 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை! மறந்துவிடுவோமா? அதனால் பூங்காப் பாதையை உயர்த்தும்போதே வடிகாலையும் வெட்டுங்கள். 1 அடி ஏற 12 அடி நீளச் சாய்தளம், இரு பக்கமும் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை. இதற்கு என்ன கோடிகளா ஆகும்?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். 2016-இல் உரிமைச் சட்டம் வந்தது, 2017-இல் விதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களை எல்லோரும் நுழையும்படி 5 ஆண்டுக்குள் மாற்று என்றது சட்டம். கெடு முடிந்து போயிற்று, என் ஆசிரியர் இன்னும் வாசலில்! இது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.

மண்டப வாசலில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து அவருடையது. நகராட்சி அலுவலகத்துக்கு அவரை முன்னே விட்டு நாம் பின்னே போவோம். கையெழுத்துப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள்.