கூச்சமுள்ள பிள்ளையும் நாடக வகுப்பும்
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டில் ஓயாது பேசும் பிள்ளை, நாலு பேர் கூடிய இடத்தில் தாயின் சேலைத் தலைப்பில் ஒளிந்துகொள்கிறது. நாடக வகுப்பில் சேர்த்தால் கூச்சம் தெளியுமா என்று பெற்றார் பலர் கேட்கின்றனர். தெளியும், ஆயின் வகுப்பை ஆராய்ந்தே சேர்த்தல் வேண்டும்.

முதற்கண் நமது தவறொன்றைச் சொல்லிவிடுகிறோம். முன்னொரு நவராத்திரி விழாவில், அதிகம் பேசாத சிறுவனொருவனுக்குத் தைரியம் வரட்டுமென்று தனிப்பாத்திரம் கொடுத்து மேடையேற்றினோம். இரண்டு வசனம் பேசினான், மூன்றாவது மறந்துபோயிற்று. சபை சிரித்தது, நாமுஞ் சிரித்தோம். அதன்பின் அவன் மேடைப்பக்கமே வரவில்லை. கூச்சத்தைப் போக்க எண்ணி, அதனை வேரூன்றச் செய்துவிட்டோம்.

நமக்கு வேண்டிய பாடம் கண்டிக்கு அருகிலேயே இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைப் பழக்கி, 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். கூத்திலே ஆடுவோன் பாடும் அடியைப் பின்னின்று பாடுவோர் திருப்பிப் பாடுவர். மத்தளம் தாளத்தைத் தாங்கும். ஒருவன் குரல் தளர்ந்தாலும் பலர் குரல் அவனைத் தாங்கிக்கொள்ளும். கூச்சமுள்ள பிள்ளைக்கு ஏற்ற வழி இதுவே: முதலில் கூட்டத்தோடு, பின்னர் தனியாக.

ஆகவே, வகுப்பின் அலுமாரியிலுள்ள வெற்றிக் கிண்ணங்களை எண்ணாதீர்கள். ஒருநாள் அங்கிருந்து மூன்று விடயங்களைக் கவனியுங்கள். புதிய பிள்ளை சில நாள் வெறுமனே பார்த்திருக்க ஆசிரியர் இடங்கொடுக்கிறாரா? விளையாட்டு, கூட்டுப்பாட்டு, திரை இழுத்தல் என்று சிறுசிறு பொறுப்புகள் உண்டா? பிள்ளை பிழைவிட்டால் அங்கே சிரிப்பு எழுகிறதா, உதவி கிடைக்கிறதா?

கம்பளையிலிருந்து பஸ் ஏறிக் களைத்து வந்து கண்டி நகரின் பெரிய வகுப்பில் ஒதுங்கி நிற்பதிலும், அயலிலுள்ள பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பயில்வது நன்று.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. "இவன் கூச்சக்காரன்" என்று பிள்ளை கேட்கச் சொல்லாதீர்கள். அமைதி சிலருக்கு இயல்பு, அது குற்றமன்று. ஆனால் வீட்டிற் பேசும் பிள்ளை பாடசாலையில் மாதக்கணக்காக வாயே திறவாதிருந்தால், வகுப்புக்கு முன் வைத்தியரை நாடுங்கள்.

இறுதியாக, இச்சபைக்கு ஒரு வேண்டுகோள். இனி நம் மேடையில் ஒரு பிள்ளை வசனத்தை மறந்து நின்றால், எவரும் சிரிக்க வேண்டாம். தெரிந்தவர் அவ்வடியை எடுத்துக் கொடுங்கள், மற்றையோர் காத்திருங்கள். அன்று நாம் அதனைச் செய்யத் தவறினோம்.