இடது காலுக்கு ஒரு பாடம்

(புனேயில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

உபநிஷத்து பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் க்ஷமிக்க வேண்டும். இன்று கிளட்ச் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காரணம் உண்டு. நம்மில் பலருக்குக் குழந்தைகள் வெளிநாட்டில். வாசலில் கார் நிற்கிறது; ஓட்டத் தெரிந்தவர் ஆத்தில் ஒருவர்தான். க்ளாகோமா இருப்பதால் நான் இரவில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதற்கெடுத்தாலும் அடுத்தாத்துப் பையனை எழுப்ப முடியுமா? ஆகவே என் மனைவி தன் 66-வது வயதில் கற்றுக்கொள்ள முன்வந்தாள்.

ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், லைசென்ஸும் வந்தது. ஆனால் அந்தக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச் பெடல். மிதித்ததும் அவர், விட்டதும் அவர்! எங்கள் காரில் உட்கார்ந்ததும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். என்ஜின் சும்மா ஓடும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் சேர்ப்பது கிளட்ச் தட்டு. அது ஃப்ளைவீலின் மேல் உரசி, வழுக்கி, வேகம் சமமானபின் இறுகிக்கொள்ள வேண்டும். வழுக்க அவகாசம் தராமல் காலை எடுத்தால் கார் தாவும், அல்லது என்ஜின் அணையும்.

முதலில் ஸீட்டைச் சரிசெய்யுங்கள். கிளட்சை முழுதும் அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். பிறகு சமதளமான காலி மைதானம், முதல் கியர். ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை மெள்ள மெள்ள விடுங்கள். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கம்மும், வண்டி லேசாக அதிரும். அங்கேயே காலை நிறுத்துங்கள். கார் தானாக நகர ஆரம்பித்து வேகம் சமமானபின் மீதியை விடலாம். இதையே ஐம்பது தடவை. நாலாம் நாள் காலை இவள், "ஏன்னா, இப்பத்தான் காலுக்குக் காது முளைச்சிருக்கு" என்றாள். என்னால்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

மேம்பாலச் சரிவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, அதே இடத்துக்குக் கிளட்சைக் கொண்டுவாருங்கள். வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடலாம். சிலர் சிக்னல் முழுவதும் கிளட்சாலேயே காரைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அத்தனையும் உஷ்ணமாகி, தட்டு தேய்ந்து, கருகல் வாசனை வரும், மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

ஆட்டோமேட்டிக் வாங்கினால் போச்சு என்பார்கள். வாங்கலாம். ஆனால் ஏ.எம்.டி. என்று விற்கும் கார்களில் உள்ளே இருப்பதும் இதே மாதிரி கிளட்ச்தான். காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் அதை இயக்குகிறது. தவிர, ஓடிக்கொண்டிருக்கும் காரை என்ன செய்வதாம்?

புடவையோடு முடியுமா என்று ஒரு மாமி சீட்டு அனுப்பியிருக்கிறார். முடியும். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். தட்டையான, பின்பட்டை வைத்த செருப்பாக இருக்கட்டும்.