கொடியைக் காத்தார், குடியை இழந்தார்!



மணிமுடி மண்ணில் உருளும் ஓசை நம் செவிக்கு இனிக்கும். அந்த ஓசை அடங்கிய மறுநாள், கஜானாவில் காசு உண்டா, அந்தக் காசை எவனிடம் கேட்பது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் குறைவு. அந்த மறுநாளைப் பற்றிப் பேசவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன். இடம் பாரிஸ். காலம் 1848. அரசன் இருந்த இடத்தில் அமர்ந்தது ஒரு மந்திரிசபை. அதன் ஆயுள் 75 நாட்கள்!

பதினெட்டு ஆண்டுகள் கோலோச்சினான் லூயி பிலிப். பெருந்தொகை வரி கட்டும் செல்வருக்கே வாக்குரிமை. நாடு முழுவதற்கும் வாக்காளர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். உரிமை கேட்டோர் கூட்டம் போட வழியில்லை. ஆகவே விருந்து வைத்தனர், விருந்திலே பேசினர். விருந்துக்கும் தடை விழுந்தது. பிப்ரவரி 22-இல் தெருவுக்கு வந்தனர் மக்கள். 23 இரவு படையினர் சுட்டனர். ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். மாண்டவரை வண்டியிலே கிடத்தி, தீவட்டி ஒளியில் தெருத்தெருவாக இழுத்துச் சென்றனர். அதைவிடச் சிறந்த சொற்பொழிவு எவன் செய்ய முடியும்? மறுநாளே முடி துறந்தான் மன்னன், இங்கிலாந்துக்கு ஓடினான்.

நகர மன்ற மாளிகையில் பதினொருவர் பொறுப்பேற்றனர். தலைவர் எண்பது வயதுப் பெரியவர் துப்போன். வானநூல் வல்லுநர் அராகோ உண்டு, ஏட்டாசிரியர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, சமதர்மம் பேசிய லூயி பிளாங் உண்டு, பட்டறையில் பாடுபட்ட ஆல்பெர் என்ற தொழிலாளியும் உண்டு. நடுநாயகமாக விளங்கியவர் அயல்நாட்டு மந்திரி லமார்ட்டின். கவிஞர்; நாவன்மை மிக்கவர்.

பிப்ரவரி 25. மாளிகையைச் சூழ்ந்தது கூட்டம். செங்கொடியே நாட்டுக்கொடி ஆகவேண்டும் என்று முழங்கிற்று. துப்பாக்கி ஏந்திய கூட்டம், பசித்த கூட்டம். வெளியே வந்தார் கவிஞர். மூவண்ணக்கொடி உலகைச் சுற்றி வந்தது, செங்கொடியோ ஒரு திடலைத்தான் சுற்றி வந்தது என்ற கருத்துப்படப் பேசினார். கூட்டம் தணிந்தது, மூவண்ணம் நிலைத்தது. கொடிக்கம்பத்தில் மட்டும் சிவப்புத் துணிப்பூ ஒன்று!

கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன் நான், நாடகம் எழுதுபவன். இந்தக் காட்சியைப் படித்தால் என் பேனா துள்ளுகிறது. கைதட்டல் எழும், திரை விழும், மக்கள் மகிழ்ந்து வீடு செல்வர். ஆனால் வரலாறு அங்கே திரையை இறக்கவில்லை.

நற்செயல்கள் பல செய்தனர், மறைக்கக்கூடாது. அரசியல் குற்றத்துக்கு மரண தண்டனையை ஒழித்தனர். பாரிசில் வேலை நேரத்தைப் பதினொன்றிலிருந்து பத்து மணியாகக் குறைத்தனர். 21 வயது நிரம்பிய ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை. ஒரே ஆணையில் வாக்காளர் 90 லட்சத்தைத் தாண்டினர். (பெண்டிருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வோம்.) ஏப்ரல் 27-இல் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தனர், இரண்டரை லட்சம் பேரின் விலங்கு ஒடிந்தது. ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1853 முதல் மார்த்தினீக் தீவுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினான் தமிழன், ஒப்பந்தக் கூலியாக! அது தனிக் கதை. வேறொரு ஞாயிறு பேசுவோம்.

கஜானாவைத் திறந்தனர், காற்று வந்தது. அரசுக்குக் கடன் கொடுத்துப் பத்திரம் வைத்திருந்த பணக்காரர் அஞ்சினர். அவர் அச்சம் போக்க என்ன செய்தது மந்திரிசபை? மார்ச் 22-இல் தரவேண்டிய வட்டியை, கெடுவுக்கு முன்பே எண்ணிக் கொடுத்தது! நாணயமான ஆட்சி என்று பெயரெடுக்க அத்தனை ஆவல். கொடுத்த பணத்தை எங்கே ஈட்டுவது? மார்ச் 16-இல் வந்தது நிதி மந்திரி கார்னியே பாஜேயின் ஆணை. நேர்முக வரியில் ஒவ்வொரு பிராங்குக்கும் 45 சாந்தீம் கூடுதல்! நூறு சாந்தீம் ஒரு பிராங்கு. நூறு கட்டியவன் இனி நூற்று நாற்பத்தைந்து கட்டவேண்டும். நிலத்துக்கு வரி, வீட்டுக்கு வரி, கதவுக்கும் சன்னலுக்கும்கூட வரி விதித்த நாடு அது. அத்தனையின் மேலும் ஏறிற்று இச்சுமை.

வேறு வழியில்லை என்று வாதிடுவோர் உண்டு. வழியில்லாதவர்கள் முன்கூட்டி வட்டி கொடுத்தது எப்படி? ஏழைக்கு விலக்கு அளிக்கலாம் என்று பின்னர் ஓர் ஆணை வந்தது. உழவன் கண்டது ஆணையை அல்ல, தண்டல்காரனை! பாரிசில் வேலையற்றோருக்குத் தேசியத் தொழிற்கூடம் அமைத்து நாளொன்றுக்கு இரண்டு பிராங்கு கூலி கொடுத்தனர். அதில் சேர்ந்தோர் லட்சத்தைத் தாண்டினர். “நம்மிடம் பிடுங்கி நகரத்தானுக்குச் சோறு போடுகிறார்கள்” என்றனர் நாட்டுப்புறத்துப் பெரிய மனிதர்கள். வட்டி வாங்கியவன் பெயரை எவன் சொன்னான்? அதைச் சொல்லச் சிற்றூருக்கு எவன் போனான்?

தேர்தலைத் தள்ளிவையுங்கள், நாட்டுப்புறம் இன்னும் நம் பேச்சைக் கேட்கவில்லை என்று வலியுறுத்தினார் புரட்சிக்காரர் பிளாங்கி. ஏப்ரல் 9-இலிருந்து 23-க்குத் தள்ளினர். பதினான்கே நாட்கள்! கிளை அமைக்கக் காடு மேடு நடந்த தோழர்களே, உங்களுக்குத் தெரியும், பதினான்கு நாளில் எத்தனை ஊர் ஏறி இறங்கலாம் என்று. ஏப்ரல் 23 ஈஸ்டர் ஞாயிறு. கோயில் வழிபாடு முடித்து, பல ஊர்களில் பாதிரியாரும் பண்ணையாரும் உடன்வர, வரிசையாக நடந்து சென்று வாக்களித்தான் உழவன். புதிய மன்றத்தில் மிதவாதிகள் நிறைந்தனர். பழைய மன்னர் கட்சியினரும் திரளாகப் புகுந்தனர். மே 9-இல் மந்திரிசபைக்குப் பதில் ஐவர் குழு அமைக்க முடிவாயிற்று. அந்த ஐவரில் லூயி பிளாங்கும் இல்லை, ஆல்பெரும் இல்லை. ஜூனில் தொழிற்கூடத்தைக் கலைக்க முற்பட்டனர். 23 முதல் 26 வரை பாரிசுத் தெருக்களில் தொழிலாளரைப் பீரங்கி துளைத்தது, ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே மாதம் வரி கட்ட மறுத்த உழவர்மீதும் குண்டு பாய்ந்தது. நகரத்து ஏழையும் நாட்டுப்புற ஏழையும் ஒரே திங்களில் வீழ்ந்தனர்; ஒருவனுக்காக ஒருவன் அழவில்லை!

டிசம்பர் 10, குடியரசுத் தலைவர் தேர்தல். ஏப்ரலில் பாரிசில் மட்டும் இரண்டரை லட்சம் வாக்குப் பெற்று வென்றவர் லமார்ட்டின். இப்போது நாடெங்கும் திரட்டினும் அவருக்குக் கிடைத்தது 20,000 அளவில்தான். 54 லட்சம் வாக்குப் பெற்று வென்றான் லூயி நெப்போலியன். அவன் வந்தால் 45 சாந்தீம் வரி ஒழியும் என்று ஊர் ஊராக நம்பினர். 1851 டிசம்பர் 2-இல் படையை ஏவி மன்றத்தைக் கலைத்தான். மறு ஆண்டு பேரரசனாக முடி சூடினான்.