பாம்புக்கு முட்டை போதுமா?

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பில் ஒரு குடும்பம் சங்கத்திடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டு வகைப் பாம்பு ஒன்று வளர்க்க ஆசை. வீட்டில் எல்லோரும் சைவம். செத்த எலி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. முட்டை, பனீர், மீல்மேக்கர் என்று ஏதாவது கொடுத்து வளர்க்க முடியுமா? இதுதான் கேள்வி. செயலாளர் உடனே என்னைக் கைகாட்டிவிட்டார். டல்லாஸ் பக்கம் இருக்கும் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கிவிட்டு வந்தவன் நான். அங்கே என் பேரன் ஒரு 'கார்ன் ஸ்னேக்' வளர்க்கிறான். அவன் கோடை முகாமுக்குப் போன நாட்களில் அதற்குச் சாப்பாடு போட்டது அடியேன்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. ஆனால் எலியைத் தவிர வேறு எதுவுமே கொடுக்கக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அதைத்தான் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும்.

உலகத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன. ஒன்றுகூடச் சைவம் கிடையாது. ஆமையில் கீரை தின்பது உண்டு, பச்சை இகுவானா இலை தின்னும். பாம்பில் அப்படி யாரும் இல்லை. கார்ன் ஸ்னேக் என்ற பெயரைக் கேட்டு, சோளம் தின்னும் போலிருக்கிறது என்றுதான் என் மனைவியும் முதலில் சந்தோஷப்பட்டாள். வயிற்றில் மக்காச்சோள முத்துப்போலக் கட்டம் கட்டமாக இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். சோளக் களஞ்சியத்துக்கு எலி பிடிக்க வருவதால் வந்த பெயர் என்றும் சொல்கிறார்கள். எப்படியானாலும் அது சோளத்தைத் தொடாது.

பாம்பின் பல் மெல்லுவதற்கு அல்ல, பிடித்துக்கொள்வதற்கு. இரையை முழுசாக விழுங்கும். முழு எலியில் எலும்பு இருக்கிறது, அதில் கால்சியம். கல்லீரலில் வைட்டமின் ஏ. தோல், தசை, குடல் எல்லாம் சேர்ந்துதான் ஒரு சாப்பாடு. கடையில் எலும்பு நீக்கி வாங்கிய கோழித் துண்டை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது, நாம் குழம்பு, காய் எதுவும் இல்லாமல் வெறும் சோற்றையே தின்று வாழ்வது மாதிரி. கொஞ்ச நாள் ஓடும், பிறகு எலும்பு பலவீனமாகும். வேகவைத்தது, உப்புக் காரம் போட்டது, சாசேஜ், ஹாம் எதுவும் ஆகாது.

பனீரும் மீல்மேக்கரும் பாம்புக்கு உணவாகவே தெரியாது. நாக்கை நீட்டி நீட்டி மணம் பார்த்துத்தான் அது இரையை அறிகிறது. எலி வாசனையைத் தடவி ஏமாற்றி விழுங்க வைத்துவிடலாம் என்று சில பையன்கள் யோசிப்பார்கள். வேண்டாம். நாக்கை ஏமாற்றினாலும் குடலை ஏமாற்ற முடியாது.

முட்டைக்கு வருவோம். முட்டை மட்டுமே தின்று வாழும் பாம்பு உண்மையிலேயே உண்டு. ஆப்பிரிக்காவில் இருக்கிறது. முட்டையை முழுசாக விழுங்கி, தொண்டைக்குள் முதுகெலும்பின் முனைகளால் உடைத்து, உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டு ஓட்டைச் சுருட்டித் துப்பிவிடும். இதைக் கேட்டதும் "ஆகா, இதையே வாங்கலாமே" என்று தோன்றும். அதன் குட்டிக்குச் சின்னக் குருவி முட்டை அளவில்தான் வேண்டும், அதற்கு எங்கே போவது? நம் நாட்டிலும் முட்டை தின்னும் பாம்பு ஒன்று இருக்கிறது. அது சட்டப் பாதுகாப்பில் உள்ள அரிய வகை, கிட்டவே போகக்கூடாது.

பேரன் வளர்க்கும் வகைக்கு எப்போதாவது ஒரு காடை முட்டை கொடுக்கலாம், பச்சையாக, ஓட்டோடு. சிலது தொடும், சிலது திரும்பிக்கூடப் பார்க்காது. கோழி முட்டை அதன் வாய்க்குப் பெரிது. முட்டையையே முழு உணவாக வைத்துவிட முடியாது. பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு பொருள் பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

எலிக்கு உண்மையான மாற்று என்றால் இன்னொரு முழு உயிர்தான். காடைக் குஞ்சு, பிறந்து ஒரு நாளான கோழிக் குஞ்சு கொடுக்கலாம். கோழிக் குஞ்சு கொடுத்தால் கழிச்சல் இளகி நாற்றம் கூடும், அதனால் இடையிடையே மட்டும். அமெரிக்காவில் வளர்க்கும் கார்ட்டர் ஸ்னேக் என்ற சின்னப் பாம்புக்கு மண்புழுவும் மீனும் ஒத்துக்கொள்ளும். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் தங்கமீனில், வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து கொடுத்தால் நரம்பு பாதித்துப் பாம்புக்கு வலிப்பு வரும். பச்சைப் பாம்பு வகை ஒன்று பூச்சி மட்டும் தின்னும். ஆக, எந்தப் பாம்பு என்று தெரியாமல் என்ன கொடுக்கலாம் என்று கேட்பதில் பொருளே இல்லை.

வீட்டுப் பல்லி, தோட்டத்துத் தவளை, வழியில் பிடித்த எலி, இவை இலவசமாகக் கிடைக்கின்றன என்று போட்டுவிடக் கூடாது. ஒட்டுண்ணி வரும். எலி நம் குடியிருப்பில் வைக்கும் மருந்தைத் தின்றிருந்தால் அந்த விஷம் பாம்புக்கும் போகும்.

பால்? இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். புற்றுக்குப் பால் வார்ப்பவர்களின் நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. வளர்க்கும் பாம்புக்குப் பால் உணவல்ல. தாகத்தால் வாடிய பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், பாலை அதன் குடல் செரிக்காது. கிண்ணத்தில் நல்ல தண்ணீர் போதும். சாரைப்பாம்பு மாட்டு மடியில் பால் குடிக்கும் என்று நம் ஊர்களில் சொல்வதையே அமெரிக்க விவசாயிகளும் சொல்லியிருக்கிறார்கள். தொழுவத்துக்கு எலி தேடி வந்த ஒரு பாம்புக்கு 'மில்க் ஸ்னேக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அத்தனை ஊசிப் பல்லோடு மடியைப் பிடித்தால் எந்த மாடு சும்மா நிற்கும்?

பெரும்பாலோர் மாற்று உணவு தேடுவது, பாம்பு சாப்பிடாமல் முரண்டு பிடிக்கும்போதுதான். என்னிடம் விட்டுப்போன இரண்டாம் வாரமே அது எலியைத் தொடவில்லை. முகாமுக்குப் போன் போட்டேன். "தாத்தா, கண்ணு நீலமா மங்கியிருக்கா பாருங்க" என்றான். இருந்தது. தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அப்போது பல பாம்புகள் சாப்பிடாது. உரித்த பிறகு வாங்கிக்கொண்டது. வளர்ந்த, ஆரோக்கியமான பாம்பு சில வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். கூண்டில் சூடு குறைந்தாலும் சாப்பிடாது, சாப்பிட்டாலும் செரிக்காமல் கக்கிவிடும். ஒரு பக்கம் சுமார் 30 டிகிரி சூடு வேண்டும். ஆக, சாப்பாட்டை மாற்றும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும். எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேரன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். தேதி, எலியின் எடை, பாம்பின் எடை, தோல் உரித்த நாள். நான் வங்கியில் பேரேடு எழுதியவன், குறை சொல்ல முடியவில்லை. வளர்ந்த பாம்புக்கு 10 முதல் 14 நாளைக்கு ஒரு சுண்டெலி. உறைந்ததை உறையோடு கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, பிறகு வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டுவான். மைக்ரோவேவ் கூடாது, ஒரு பக்கம் வெந்துவிடும், வெடிக்கவும் செய்யும். உயிரோடும் போடமாட்டான், மூலையில் மாட்டிக்கொண்ட எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். எலிகளுக்கென்று கராஜில் தனியாகச் சின்ன ஃப்ரீசர் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் என் மனைவி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள்!

அது வெறும் ஆசாரம் அல்ல. பாம்பிலும், உறைந்த தீனி எலியிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அங்கே அதனால் நோய் பரவியதும் உண்டு. 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் 65 தாண்டியவர்களும் அதிகம் பாதிக்கப்படுவார்கள். இந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருகிறோம். சமையல் மேடையில் எலியை உருக வைக்கக் கூடாது. பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு வகைகளை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்கிறவர் காகிதம் காட்டவில்லை என்றால் வாங்கக்கூடாது.

இன்னொன்று, கார்ன் ஸ்னேக் 15, 20 வருடம் வாழும். பிள்ளை வேலைக்கு வெளியூர் போவான், பாம்பு அம்மாவிடம் இருக்கும். இடுக்கியைப் பிடிக்கப் போவது யார் என்று அந்த வீட்டில் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். எலி கூடாது என்ற அம்மாவின் நிபந்தனையில் எனக்குக் குறை தெரியவில்லை, அது அவர் வீடு. அந்த நிபந்தனை மாறாது என்றால் கீரை தின்கிற வேறு பிராணியாகப் பார்க்கலாம், முயல் மாதிரி.

அந்தப் பிள்ளையும் அவன் அம்மாவும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். பேரனின் நோட்டிலிருந்து சில பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன்.