தைப்பட்டத்துக்கு முன் கொல்லையைத் திறப்போம்





அல்ஹம்துலில்லாஹ், மழை ஓய்ந்துவிட்டது. இன்னும் சில நாளில் தை பிறக்கிறது. ரமலானோ இவ்வாண்டு பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கான மல்லியும் புதினாவும் நம் கொல்லையிலேயே கிடைக்க வேண்டுமென்றால் மண்ணை இப்போதே கொத்தியாக வேண்டும். ஆனால் விதையைப் பேசுவதற்கு முன் குப்பையைப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலுக்கு மருத்துவ உதவி கேட்டு வந்த குடும்பங்களை அறக்கட்டளை சார்பில் வீடு தேடிப் போய்ப் பார்த்தோம். அவர்கள் வீடுகள் சுத்தமாகத்தான் இருந்தன. தண்ணீர் நின்றது சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த வீடுகளின் கொல்லையில். வீட்டுக்காரர்கள் துபாயில், மலேசியாவில், சென்னையில். கொல்லையிலோ தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், கவிழ்க்காத அண்டா, மூடி பறந்துபோன தொட்டி.

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, சன்ஷேடு இவற்றையும் மறந்துவிடாதீர்கள். அண்டை வீட்டாருக்கு நம்மால் தீங்கு வரக்கூடாது என்று எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்! வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவருக்கும் அந்தக் கடமை உண்டு.

பெருக்கிய சருகைக் கொளுத்த வேண்டாம். பக்கத்து வீட்டில் இளைப்பு நோயோடு ஒரு பெரியவர் படுத்திருப்பார். ஒரு மூலையில் குழி வெட்டி, சருகையும் காய்கறித் தோலையும் போட்டு மேலே கொஞ்சம் மண் தூவினால் சில மாதங்களில் உரமாகிவிடும். சருகு விழுகிறது என்பதற்காகவே கொல்லை முழுக்க சிமெண்ட் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று குறைப்படுவதும் பெரும்பாலும் அவர்கள்தாம்!

இனி விதை. மழையில் இறுகிய மண்ணைக் கொத்தி, சில நாள் வெயிலில் ஆறவிட்டு, மக்கிய சாணி எருவைக் கலந்துகொள்ளுங்கள். கீரை விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். மல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முழுசாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்பார்கள். புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினால் போதும். தை முதல் வாரம் விதைத்தால் கீரை நோன்புக்கு முன்பே பறிப்புக்கு வந்துவிடும். மல்லி நாற்பது நாள் கேட்கும், முதல் பத்து நோன்புக்குள் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். ஒளுச் செய்யும் தண்ணீரில் சோப்பு இல்லை. அதைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை பெருமளவு குறையும்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மைனா கொத்திய மிளகாய்க்காக இனி யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சுவர் தாண்டி விழும் முருங்கைக்காய்க்காகச் சண்டை போடும் வீடுகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும், இத்தாவில் இருக்கும் சகோதரிகளின் வீடுகளுக்கும் கொல்லையைச் சுத்தம் செய்யக் கூலி ஆட்களை அறக்கட்டளையே அனுப்பும். வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்துகொள்ளலாம். மஹல்லாப் பெரியவர் ஒருவர் கூட வருவார். பெயர் கொடுக்கக் கூச்சப்பட்டால் பக்கத்து வீட்டார் வந்து சொன்னாலும் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் உறவினர்கள், வீட்டுக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொல்லைச் சாவியை நம் அலுவலகத்தில் கொடுங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு விதைப் பொட்டலம் வாங்க வரும்போதே கொண்டுவரலாம். சாவியில் வீட்டுப் பெயரை எழுதிக் கட்டியிருக்க வேண்டும். எல்லாப் பூட்டுச் சாவியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது.