தேவதைகளைக் கண்ட சிறுமிகள்
(லவ்டேலில் குழந்தைகளுக்கும் பெற்றோர்களுக்கும் செய்த சொற்பொழிவு)



இன்று காலை குன்னூரிலிருந்து மலை ரயிலில் வந்து லவ்டேல் ஸ்டேஷனில் இறங்கிய நம்மை அழைத்துப்போக வந்தவர்களோடு ஒரு சிறுமியும் வந்திருந்தாள். கற்பூர மரங்களையும் தேயிலைத் தோட்டத்தையும் காட்டிக்கொண்டே வந்தவள், சோலை ஓரத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, இதுக்குள்ளே கன்னிமார் இருக்காங்களாமே, நெசந்தானுங்களா?" என்று கேட்டாள். "பார்க்க ஆசையா?" என்றோம். "ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு" என்றாள். அந்தக் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இன்று உங்கள் எல்லோர் முன்பும் சொல்லலாமென்று நினைக்கிறோம்.

முதலாவதாக ஒன்று சொல்லிவிடுகிறோம். பகுத்தறிவு பேசுகிறவர்கள் குழந்தைகளுக்குக் கதையே கூடாதென்பார்கள் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. சிறகு முளைத்த பெண் பூவுக்குள் குடியிருந்தாள் என்ற கதையைக் கதையென்று சொல்லிக் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை மெய்யென்று பெரியவர்கள் சாட்சி சொல்லப் புறப்படும்போதுதான் கேடு பிறக்கிறது. இதற்கு நம் நாட்டு உதாரணம் சொன்னால், "வெள்ளைக்காரர்கள் புத்திசாலிகள், நாம்தான் மூடர்கள்" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆகவே இங்கிலாந்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

அந்நாட்டில் யார்க்ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரத்துக்கு அருகே, காட்டிங்லி என்றொரு சிற்றூர். 1917ஆம் வருஷத்தில் அங்கு எல்சி என்ற 16 வயதுப் பெண்ணும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த அவள் உறவுப்பெண் பிரான்சிஸ் என்ற 9 வயதுச் சிறுமியும் இருந்தார்கள். வீட்டின் பின்புறம் ஓர் ஓடை. சின்னவள் தினமும் அதில் விளையாடி, பாதரட்சையை நனைத்துக்கொண்டு வந்து திட்டு வாங்குவாள். ஏன் அங்கே போகிறாய் என்று அதட்டியபோது, தேவதைகளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள். சிறுமிகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்சி தன் தகப்பனாருடைய காமிராவைக் கேட்டு வாங்கிப்போய், பிரான்சிஸின் முன்னால் சிறகுள்ள தேவதைகள் நாட்டியமாடுவதுபோல ஒரு போட்டோப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்பு இன்னொன்றும் பிடித்தார்கள்.

தகப்பனார் எலெக்ட்ரிக் வேலை செய்கிற தொழிலாளி. மகளுக்குப் படமெழுதத் தெரியும் என்பதும், அவள் போட்டோக் கடையில் வேலை பார்த்தவள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே இது குறும்பு என்று தள்ளிவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் 1919இல் தாயார் பிரம்மஞான சபைக் கூட்டமொன்றுக்குப் போய் இந்தப் படங்களைப் பற்றிப் பேசிவிட்டார். அச்சபையின் தலைமை ஸ்தலம் வேறெங்குமில்லை, நம் சென்னை அடையாறுதான். அச்சபையைச் சேர்ந்த எட்வர்டு கார்டனர் என்பவர் படங்களைக் கைப்பற்றிக்கொண்டார். அவரிடமிருந்து அவை சர் ஆர்தர் கானன் டாயிலிடம் சென்றன. ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறியும் நிபுணனைப் படைத்தவர் அவர். ஒரு சிட்டிகைச் சாம்பலைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் கதைகளை எழுதியவர், இரண்டு சிறுமிகளின் படத்தைப் பார்த்து மெய்யென்று நம்பிவிட்டார்! 1918இல் மகனையும் 1919இல் தம்பியையும் பறிகொடுத்தவர் அவர். செத்தவர்களோடு பேசலாம் என்ற நம்பிக்கையில் முன்னமே ஊறியவர். அவருடைய துக்கத்தை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் துக்கம் சாட்சியமாகிவிடுமா?

கோடாக் கம்பெனியார் படம் உண்மையென்று சர்ட்டிபிகேட் கொடுக்க மறுத்தார்கள். இல்ஃபோர்டு கம்பெனியார் இதில் சூது இருக்கிறதென்றே சொன்னார்கள். தேவதைகள் பாரிஸ் நாகரிகத்தில் கொண்டை போட்டிருக்கின்றனவே என்று சிலர் சிரித்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. 1920 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் டாயிலின் கட்டுரை வெளிவந்தது. 1922இல் அவர் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். இதற்கிடையே, 1921இல், ஞானதிருஷ்டி உடையவரென்று பெயர் பெற்ற பிரம்மஞானி ஹாட்சன் அவ்வூருக்கு வந்து, ஓடையெங்கும் தேவதைகள் இருப்பதாகச் சொன்னார். சிறுமிகளும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நிற்க. முடிவு என்னவாயிற்று? 1983இல், இருவரும் கிழவிகளான பிறகு, உண்மை வெளிவந்தது. 1914இல் வெளியான ஒரு பரிசுப் புத்தகத்திலிருந்த நாட்டியப் பெண்களைப் பார்த்து எல்சி வரைந்து, அட்டையில் வெட்டி, சிறகு சேர்த்து, தொப்பியில் குத்தும் ஊசிகளால் நிறுத்திப் படம் பிடித்திருக்கிறாள். அந்தப் புத்தகத்திலேயே டாயில் எழுதிய கதையும் ஒன்று இருந்தது என்பதுதான் வேடிக்கை! ஆயினும் கடைசிப் படம் மட்டும் மெய்யென்று பிரான்சிஸ் 1986இல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாகிப்போன பொய்யை முழுவதும் கைவிடுவது அவ்வளவு கஷ்டம்.

தோழர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது சிறுமிகளின் குறும்பையல்ல. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, டாயில் ஏன் ஏமாந்தார்? தொழிலாளி வீட்டுப் பெண்களுக்கு இப்படிப்பட்ட போட்டோத் தந்திரமெல்லாம் வராது என்று அவர் வாதாடினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு கைத்திறமையும் மூளையும் இருக்குமென்று எண்ண அவருக்கு மனம் வரவில்லை. ஆகாயத்தில் பெண்கள் பறப்பதை நம்புவது அவருக்குச் சுலபமாயிருந்தது! பிறரைத் தாழ்வாய் நினைக்கிற புத்தி, நினைக்கிறவனையே முட்டாளாக்கிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இரண்டாவது, சிறுமிகள் ஏன் 60 வருஷத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை? அவ்வளவு பெரிய மனிதர் நம்பிவிட்ட பிறகு, அவரை அவமானப்படுத்துவதுபோல ஆகுமே என்று சும்மா இருந்துவிட்டதாக அவர்களே சொன்னார்கள். பெரியவர் முன்னால் உண்மையை விழுங்க வேண்டுமென்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் வைப்பதில்லை. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் அதைக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. விளையாட்டாய்ச் சொன்ன ஒரு சொல், பெரியவர்கள் கைக்குப் போனதனால், ஆயுள் முழுவதும் சுமக்கும் பாரமாயிற்று.

இனி நம் சோலைக்கு வருவோம். தாய்மார்களே! "உள்ளே போகாதே, கன்னிமார் பிடிக்கும், மோகினி அடிக்கும்" என்கிறீர்கள். குழந்தை உள்ளே போகக் கூடாதென்பது நியாயந்தான். ஆனால் சோலையில் இருப்பது காட்டெருமை, சிறுத்தை, கரடி. அவை மெய்யான அபாயம். மெய்யைச் சொல்லாமல் மோகினியைச் சொன்னால் என்ன ஆகும்? மோகினி இல்லையென்று பிள்ளை என்றாவது ஒருநாள் தெரிந்துகொள்வான். அன்று உங்கள் எச்சரிக்கை முழுவதும் பொய்யென்று எண்ணி, அந்தி நேரத்தில் காட்டெருமை நிற்கிற வழியிலேயே நடப்பான். நம்பினாலோ, பெரியவனான பிறகும் நிழலைக் கண்டு நடுங்குவான், ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிப்பவனைத் தேடுவான். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

குழந்தைகளே! தேவதை இல்லையென்றால் காட்டில் பார்க்க ஒன்றுமில்லையென்று நினைத்துவிடாதீர்கள். மழைக்குப் பிறகு புல்வெளியில் காளான்கள் வட்டமாய் முளைத்து நிற்பதுண்டு. ஐரோப்பாவில் அதை தேவதைகள் கைகோத்து ஆடிய இடமென்றார்கள். மண்ணுக்குள் காளானின் நூல்கள் ஓரிடத்தில் தொடங்கி நாலாபக்கமும் சமமாய்ப் பரவி, ஓரத்தில் குடை விரிப்பதால்தான் அந்த வட்டம் உண்டாகிறது. மின்மினி தன் வயிற்றிலுள்ள ஒரு பொருளைக் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்த்து, சூடே இல்லாத வெளிச்சம் உண்டாக்குகிறது. இந்த நீலகிரியின் ஈரப் புல்வெளியில் விரலளவுப் பூண்டு ஒன்று, இலை மயிர்களில் பனித்துளிபோலப் பசையை ஏந்தி, வந்து உட்காரும் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. அதன் ஜாதிச் செடிகளை வருஷக்கணக்காய் ஆராய்ந்து டார்வின் 1875இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கொரு முறை பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. நாட்காட்டி பார்க்கத் தெரியாத செடி கணக்குத் தவறாமல் இருக்கிறதே, இதைவிடவா ஒரு தேவதை ஆச்சரியம்?

காலையில் நம்மைக் கேட்ட அந்தச் சிறுமிக்குச் சொல்கிறோம்: அம்மா! பயம் வேண்டாம். ஆசை இருக்கட்டும். பகலில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சோலை ஓரம் போ. கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுது. காணாததை யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், "நீங்கள் பார்த்தீர்களா, எப்படித் தெரியும்?" என்று கேள். பெற்றோர்களே! அப்படிக் கேட்கிற பிள்ளையை வாயாடி என்று அதட்டாதீர்கள். அந்தக் கேள்வியை அன்று காட்டிங்லியில் ஒரு பெரியவர் நிதானமாய்க் கேட்டிருந்தால், இரண்டு பெண்கள் தங்கள் ஆயுளில் பெரும்பகுதியை ஒரு பொய்யோடு கழித்திருக்க வேண்டியதில்லை.